கேலிச் சித்திரமும் அதற்குரிய கருவிகளும்

நூறு வரிகளில் எழுதி விளக்க வேண்டியதொரு செய்தியை நான்கு கோடுகளில் நகை தோன்ற உணர்த்திவிடும் ஆற்றல் கேலிச் சித்திரத்திற்கு உண்டு. எழுத்தறியார்க்கும் அது விளங்கும். எழுத்தறிந்தாரையும் அது நிறுத்திப் பார்க்கச் செய்யும். பத்திரிகையைப் பிரிப்பவருள் பலர், தலையங்கத்தைப் பின்னர்ப் படிக்கலாமென ஒதுக்கிவிட்டு, முதற்கண் அச்சித்திரத்தையே நாடுவதை நாம் எங்கும் காண்கின்றோம். இத்தகைய சித்திரத்தைக் கையால் வரைவது எங்ஙனம், அதற்கேற்ற கருவிகளைத் தேர்ந்துகொள்ளும் முறை யாது என்பவற்றை, வரைவதில் விருப்பமுடைய மாணவ நண்பர்களுக்கு ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேலிச் சித்திரத்தை நாம் இன்று ‘கார்ட்டூன்’ என்றும் வழங்குகின்றோம். இச்சொல்லின் வரலாறு நம் பொருளுக்கு மிகவும் இயைந்ததாகும். இத்தாலிய மொழியில் ‘கார்த்தோனே’ என்பது தடித்த தாளைக் குறிக்கும். சுவரிலே பெருஞ்சித்திரம் தீட்டப்புகுவோர் முன்னதாக அத்தாளில் முழு அளவு மாதிரி வரைந்துகொள்வர். ஆதலின் அம்மாதிரிக்கும் அப்பெயர் ஆயிற்று. இலண்டன் மாநகரில் 1834-இல் தீக்கிரையான பாராளுமன்ற மாளிகையைப் புதுப்பித்தபொழுது, அதன் சுவர்களை அணிசெய்தற்குரிய மாதிரிச் சித்திரங்கள் 1843-ஆம் ஆண்டு பொதுமக்கள் காண வைக்கப்பெற்றன. உணவின்றி வாடும் ஏழைகள் பலர் அந்நகரில் இருக்க, சுவர்ச் சித்திரங்களுக்குப் பணம் செலவிடுதல் தகுமோ என்று வினவுவதுபோல, ‘பஞ்ச்’ என்னும் நகைச்சுவைப் பத்திரிகை அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஒரு படத்தை வெளியிட்டது. வரைந்தவர் ஜான் லீச் என்பவர். அப்படத்திற்குக் ‘கார்ட்டூன், எண் 1’ என ஏளனமாகத் தலைப்பிட்டனர். அன்று முதல் அப்பெயர் இக்கலைக்கே உரியதாய் நிலைத்துவிட்டது. தாளின் பெயரே கலையின் பெயராயிற்று என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் நன்று. கருவிக்கும் கலைக்கும் உள்ள உறவு அத்துணை நெருக்கமானது.

வரையத் தொடங்கும் மாணவர் முதலிற் கேட்கும் வினா, ‘எந்தப் பேனாவை வாங்குவது?’ என்பதாகும். வினா நன்றே; ஆயினும் அது கேட்கப்பட வேண்டிய இடம் முதலிடமன்று. ‘இப்படம் எவ்வழியாகப் படிப்பவர் கண்ணைச் சென்று சேரும்?’ என்பதே முதற்கண் கேட்கத்தக்கது. கேலிச் சித்திரம் சுவரில் மாட்டிவைத்துப் பார்ப்பதற்கு வரையப்படுவதன்று. அச்சேறிப் பல்லாயிரவர் கையிற் போய்ச் சேர்வதற்கு வரையப்படுவது. ஆதலின் அச்சு எத்தகைய கோட்டை ஏற்றுக்கொள்ளுமோ அத்தகைய கோட்டைத் தரும் கருவியே தக்க கருவியாகும். இவ்வுண்மையைப் பழைய சித்திரக்காரர்களின் வாழ்க்கையே நமக்கு மெய்ப்பிக்கின்றது.

பிரான்சு நாட்டில் ஓனோரே தோமியே என்னும் ஓவியர் கல்லச்சு முறைக்கு வரைந்தார். பிசுக்குத்தன்மையுள்ள மெழுகுக் கோலால் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது நேரே வரைந்துவிட வேண்டும். பின்பு கல்லை நனைத்து மையை உருட்டினால், பிசுக்குள்ள இடம் மட்டும் மையைப் பற்றும். மரத்தில் வெட்டுவோரின் உதவி இதற்கு வேண்டுவதில்லை. வரைபவர் கையின் மென்மையும் அழுத்தமும் நிழலும் அப்படியே தாளில் இறங்கும். தோமியேயின் படங்களில் கரியாற் பூசினாற்போன்ற கருநிழல் காணப்படுவது இதனாலேயே. அவர் 1831-இல் மன்னர் லூயி பிலிப்பைப் பெருந்தீனி தின்னும் அரக்கனாகவும், மக்கள் கூடை கூடையாகக் கொணரும் பொருளை அவன் விழுங்குவதாகவும் வரைந்தார். அதன் பயனாக 1832-இல் ஆறு திங்கள் சிறைத்தண்டனை அடைந்தார்.

அமெரிக்காவில் தாமஸ் நாஸ்ட் என்பவர் மரக்கட்டை அச்சுக்கு வரைந்தார். வழவழப்பாக்கிய மரக்கட்டையின்மேல் அவர் பென்சிலால் வரைவார். செதுக்குவோர் கோடல்லாத இடங்களைக் குடைந்தெடுப்பர். நியூயார்க் நகரின் ஆட்சியைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு பொதுப்பணத்தைக் கொள்ளையிட்ட ட்வீட் என்பவரின் கூட்டத்தை 1871-இல் அவர் தம் படங்களால் கடுமையாகத் தாக்கினார். தம்மைச் சார்ந்த மக்கள் பலர் எழுத்தறியாதவராகையால் பத்திரிகைக் கட்டுரைகளைப் பற்றித் தமக்குக் கவலையில்லை யென்றும், அப்படங்களையே தாம் அஞ்சுவதாகவும் ட்வீட் கூறியதாக ஒரு செய்தி வழங்குகின்றது. சிறையினின்று தப்பியோடிய அவரை 1876-இல் ஸ்பெயின் நாட்டு அதிகாரிகள் அடையாளங் கண்டதும் நாஸ்டின் படமொன்றினாலேயாம். ஆனால் 1880-ஆம் ஆண்டையொட்டி அச்சுமுறை மாறியது. மரக்கட்டை நீங்கி, படத்தைப் புகைப்படமெடுத்து உலோகத் தகட்டில் அரித்தெடுக்கும் முறை வந்தது. மென்மையான பென்சிலை விட்டு, மையும் பேனாவும் கொண்டு வரையவேண்டிய நிலை நாஸ்டுக்கு ஏற்பட்டது. அச்சு மாறினால் கருவியும் மாறும்; கை புதிதாகப் பழக வேண்டும். பெரியாரும் இதற்கு விலக்கல்லர்.

அவ்வுலோகத் தகட்டு முறையே சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் நம் நாட்டுப் பத்திரிகைகளுக்கும் வழிகாட்டியது. துத்தநாகத் தகட்டில் எடுத்த அந்த ‘பிளாக்’ கருமையையும் வெண்மையையும் மட்டுமே அறியும். இடைப்பட்ட சாம்பல் நிறம் அதற்குத் தெரியாது. சாம்பல் வேண்டுமாயின், நெருக்கமான கோடுகளாலோ புள்ளிகளாலோ அதனைத் தோற்றுவித்தல் வேண்டும். இன்று அச்சுமுறைகள் பலவாறு முன்னேறிவிட்டன. எனினும் கறுப்பு மையால் தெளிவாக இட்ட கோடே மலிவான தாளிலும், சிறிய கைப்பேசித் திரையிலும் சிதையாமல் நிற்கின்றது. ஆகவே தொடக்கத்திற் பயில்வோர் கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டையே கொண்டு வரையப் பழகுதல் சாலச் சிறந்ததாகும்.

இனி, அளவைப்பற்றிச் சிறிது கூறுவாம். அச்சில் வரும் அளவினும் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ பெரிதாக வரைவது வழக்கம். சுருங்கும்பொழுது கையின் சிறு நடுக்கங்கள் மறையும்; கோடு கூர்மை பெறும். ஆனால் இதில் ஓர் இடரும் உண்டு. பத்திரிகையிற் படத்திற்குரிய அகலம் 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நாம் 20 சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்தால், 0.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு அச்சில் 0.15 மில்லிமீட்டராய் மெலிந்துவிடும். கோடுகளுக்கிடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பின் அது கால் மில்லிமீட்டராகும். மெல்லிய கோடு அறுந்துபோம். நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்து கரும்புள்ளியாகிவிடும். ஆகையால் வரையும்பொழுதே சுருங்கிய தோற்றத்தை மனத்திற் கண்டு, கோட்டைச் சற்றுத் தடிப்பாகவும் இடைவெளியைச் சற்று அகலமாகவும் வைத்தல் வேண்டும். படத்தைச் சுவரில் நிறுத்தி, படிக்கும் தொலைவினும் இருமடங்கு தொலைவில் நின்று நோக்கினால், பாதியாகச் சுருங்கிய படம் எவ்வாறிருக்கும் என்பது விளங்கிவிடும்.

அளவு பிசகாமற் பெரிதாக்குதற்கு எளிய வழியொன்றுண்டு. அச்சில் வரவேண்டிய நீள்சதுரத்தைத் தாளின் இடப்புற அடிமூலையில் வரைந்து, அம்மூலையினின்று எதிர்மூலைக்கு ஒரு குறுக்குக்கோடு இழுத்து அதனை மேலும் நீட்டுக. நீட்டிய கோட்டில் எந்தப் புள்ளியை மூலையாகக் கொண்டு சதுரத்தை முடித்தாலும் அஃது அதே விகிதத்தில் அமையும். கணக்கிடும் தொல்லை இதற்கில்லை.

அளவு தீர்ந்த பின்னரே கருவியைத் தேடுதல் முறை. முதற்கருவி பென்சில். மிகக் கடினமான பென்சில் தாளைக் கீறிப் பள்ளமாக்கும். அப்பள்ளத்தில் மை தேங்கும். மிக மென்மையான பென்சில் தாளெங்கும் கரியைப் பரப்பும். நடுத்தரமான எச்.பி. பென்சிலை அழுத்தாமல் பிடித்து வரைதல் நலம். அச்சுக்கு வரைவோர் வெளிர்நீலப் பென்சிலையும் விரும்பிக் கையாண்டனர். தகடெடுக்கும் புகைப்படச் சுருளில் அந்நீலம் வெண்மைபோலவே பதியுமாதலின், பென்சிற் கோட்டை அழிக்கும் வேலை மிச்சமாயிற்று. இன்று ஸ்கேனரில் படமெடுப்போரும் கணினியில் அந்நீலத்தை எளிதில் நீக்கிவிடுகின்றனர்.

இரண்டாவது, மையில் தொட்டெழுதும் பேனா. கட்டைப் பிடியும், அதன் நுனியிற் செருகும் எஃகு நிப்பும் சேர்ந்ததே இது. நிப்புக்களில் வளையாதவை, வளைவன என இருவகையுண்டு. வளையாத நிப்பு எங்கும் ஒரே தடிப்பான கோட்டைத் தரும். எழுத்துக்கும், கட்டடங்களுக்கும், பொருள்களுக்கும் ஏற்றது. வளையும் நிப்பு அழுத்தினால் விரிந்து தடித்த கோட்டையும், அழுத்தம் குறைந்தால் மயிரிழை போன்ற கோட்டையும் தரும். ஆடையின் மடிப்பும், முகத்தின் சுருக்கமும், தலைமயிரும் இதனால் உயிர்பெறும். ஜப்பானியப் படக்கதை வரைவோர் பெரிதும் போற்றும் ‘ஜி’ நிப்பு இவ்வகையைச் சேர்ந்ததே. புதிய நிப்பின்மேல் துருப்பிடியாதிருத்தற்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதனைத் துடைத்து நீக்காவிடின் மை ஒட்டாமல் உருண்டோடும். வளையும் நிப்பை நம்மை நோக்கி இழுத்தே வரைதல் வேண்டும். எதிர்நோக்கித் தள்ளினால் முனை தாளிற் குத்தி மை தெறிக்கும். கோட்டின் திசைக்கேற்பக் கையை முறுக்காமல் தாளைத் திருப்பிக்கொள்வதே தேர்ந்தோர் வழக்கம்.

மூன்றாவது, தூரிகை. பேனாவைவிட இது பழகுதற்கு அரியது. பழகியபின் இதற்கு நிகரானது பிறிதில்லை. ஒரே இழுப்பில் நூலிழையாய்த் தொடங்கி விரலளவு பெருத்து மீண்டும் நூலிழையாய் முடியும் கோட்டைத் தூரிகையாலன்றி வரைதல் அரிது. நியூசீலாந்திற் பிறந்து இலண்டனிற் புகழ்பெற்ற டேவிட் லோ என்பவர் தூரிகைக் கோட்டில் வல்லவர். ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தின் பிணத்திற்கு இருபுறமும் நின்று ஒருவரையொருவர் வணங்குவதாக 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் அவர் வெளியிட்ட படத்தை நோக்குக. முதன்மையான உருவங்கள் மூன்றே. நீண்ட ஒப்பந்தங்களின் பொருளை இரண்டு வளைந்த முதுகுகள் சொல்லிவிடுகின்றன. நம் நாட்டில் மைசூரிற் பிறந்த ஆர். கே. லக்ஷ்மண் (1921–2015) அவர்களும் தூரிகையால் வரைந்து புகழ்பெற்றவரே. கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்து, ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துநிற்கும் அவருடைய ‘பொதுமனிதர்’ அரைநூற்றாண்டுக்கு மேலாக நாட்டு மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தார்.

தூரிகையிற் சிறந்தது சைபீரியப் பகுதிகளில் வாழும் மரநாய் இனத்ததான கோலின்ஸ்கி என்னும் விலங்கின் வால்மயிராற் செய்யப்படுவது. விலை மிகுதி, இன்று செயற்கை இழைத் தூரிகைகளும் பயில்வோர்க்குப் போதுமானவையாய்க் கிடைக்கின்றன. வாங்கும்பொழுது நீரில் நனைத்து ஒருமுறை உதறிப் பார்க்க வேண்டும், மயிர் முழுதும் ஒரே கூர்முனையாகக் குவிந்தால் கொள்க, பிளவுபட்டால் தள்ளுக. 2 அல்லது 3-ஆம் எண் தூரிகை ஒன்று போதும். உலோகப் பூண்வரை மையில் அமிழ்த்துதலும், முனை கீழாக நீர்க்குவளையில் நிறுத்திவைத்தலும் தூரிகையைக் கொல்லும் செயல்களாம்.

இவ்விரண்டுக்கும் பொறுமையில்லாதார்க்கு நார்முனைப் பேனாக்கள் உள்ளன. 1982-இல் ஜப்பானில் வெளிவந்த பிக்மா மைக்ரான் முதலியவை நிறமித்துகள் கலந்த மையை உடையவை; நீரிற் கரையா; வெளிச்சத்தில் எளிதில் மங்கா. அவற்றில் 01 என்னும் எண்ணுடையது 0.25 மில்லிமீட்டர், 05 என்பது 0.45 மில்லிமீட்டர் கோடு தரும். பையிலிட்டுச் செல்லுதற்கும், பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் நின்று குறிப்பெடுத்தற்கும் இவை மிக ஏற்றவை. ஆனால் கோடு முழுதும் ஒரே தடிப்பாயிருப்பதால், பல எண்களை மாற்றி மாற்றிக் கையாண்டாலன்றிப் படம் உயிரற்றுத் தோன்றும்.

மையும் தாளும் இல்லாமற் கருவிகள் பயன்படா. ‘இந்தியன் இங்க்’ எனப்படும் மை, புகைக்கரியும் அரக்குச்சத்தும் சேர்ந்தது. உலர்ந்தபின் நீர்பட்டாலும் கலையாது, ஆழ்ந்த கருமையுடையது. இம்மையைச் சாதாரண ஊற்றுப் பேனாவில் ஊற்றலாகாது. அரக்கு உள்ளே உறைந்து பேனா அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்தவுடன் நிப்பையும் தூரிகையையும் மை உலருமுன் கழுவிவிட வேண்டும். தாளில், பேனாவுக்கு வழவழப்பானதும், தூரிகைக்குச் சற்றே சொரசொரப்பானதும் தக்கவை. பிரிஸ்டல் போர்டு சிறந்தது; கிடையாவிடின் நல்ல கார்ட்ரிட்ஜ் தாள் போதும். நோட்டுப் புத்தகத் தாளில் மை கசிந்து பரவும்; நிப்பின் பிளவில் நார் சிக்கிக்கொள்ளும். ஒரு தாளை வாங்குமுன் அதன் மூலையில் நான்கு கோடு இழுத்துப் பார்ப்பது நூறு அறிவுரைகளினும் மேலானது.

கருவிகள் கூடிய பின்னர் வரையும் ஒழுங்கு இது. முதலில் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். வாக்கியத்துள் அடங்காத கருத்து சித்திரத்துள்ளும் அடங்காது. பின்பு தீப்பெட்டியளவுள்ள சிறு கட்டங்களில் நான்கைந்து வகையாக அமைப்பை வரைந்து, எது ஒரு நொடியில் விளங்குகின்றதோ அதனைக் கொள்க. அதனைப் பென்சிலாற் பெரிதாக வரைந்து, வசனத்திற்கு முன்னதாகவே இடம் ஒதுக்குக. எழுத்தைக் கடைசியில் மூலையில் திணிப்பது பயில்வோர் பலரிடத்துங் காணும் குறையாகும். பிறகு மையிடுக. வலக்கைப் பழக்கமுடையோர் இடப்புற மேல்மூலையினின்றும், இடக்கைப் பழக்கமுடையோர் வலப்புற மேல்மூலையினின்றும் தொடங்கினால் ஈரமையைக் கை கலைக்காது. மை நன்கு உலர்ந்தபின் மெல்லிய ரப்பராற் பென்சிற் கோடுகளை அழித்து, பிழைகளை வெள்ளைச் சாயத்தால் மறைத்துவிடலாம்.

முக ஒப்புமை கொணர்வது எங்ஙனம் என்று கேட்பாருண்டு. எல்லா உறுப்புக்களையும் பெரிதாக்கினால் ஒருவரும் தோன்றார்; ஒன்றைப் பெரிதாக்கி மற்றவற்றை அடக்குதல் வேண்டும். பிரான்சில் ‘லா காரிகாத்யூர்’ பத்திரிகையை நடத்திய ஷார்ல் ஃபிலிப்போன், 1831-இல் மன்னரை இழிவுபடுத்தினாரென்று வழக்குத் தொடரப்பட்டபொழுது, நீதிமன்றத்திலேயே நான்கு உருவங்கள் வரைந்து காட்டினார். முதலாவது மன்னர் முகம். அடுத்தடுத்துச் சிறிது சிறிதாக மாறி நான்காவது பேரிக்காய் ஆயிற்று. எந்த உருவத்திற் குற்றம் தொடங்குகின்றது என்பதே அவர் வினா. தண்டனையினின்று அவர் தப்பவில்லை. ஆயினும் பாரிஸ் நகரச் சுவர்களெங்கும் பேரிக்காய் தோன்றியது. ஒரு கனியின் புறக்கோடு ஓர் அரசரின் அடையாளமாகிவிட்டது. இத்திறம் கருவியால் வருவதன்று. கூர்ந்து நோக்குதலால் வருவது. லக்ஷ்மண் அவர்கள் காக்கையைச் சிறுபருவம் முதலே விடாமல் வரைந்து வந்தார் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். நம் வீட்டு மதிலிலும் காக்கை வந்து அமர்கின்றது, அதற்குக் கட்டணமில்லை.

இவ்விடத்தில் யாம் அழுத்திக் கூற விரும்புவது ஒன்றுண்டு. பென்சிற் கோட்டை அழிக்கலாம். மைக் கோட்டையும் ஒருவாறு மறைக்கலாம். அச்சேறிப் பரவிய கோட்டை மீட்க இயலாது. ஆகையால் மையிடுமுன் கருத்தை ஒருமுறை நிறுத்துப் பார்த்தல் வரைபவர் கடமையாகும். ஒருவர் செய்ததை நகையாடலாம். அவர் பிறப்பையும், உடற்குறையையும், ஏழ்மையையும் நகையாடுதல் கேலியாகாது, கொடுமையாகும். வலியாரை நோக்கி நீட்டிய கோட்டிற்கு அஞ்சாமை வேண்டும். நம் தமிழகத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1906-இல் சென்னையில் தோன்றி 1908-இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்த ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் பாரதியார் அந்நிய ஆட்சியைக் கண்டிக்கும் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். நாடு விடுதலை பெற்று நாற்பதாண்டு நிறையும் வேளையில், 1987-ஆம் ஆண்டு ஆனந்த விகடன் அட்டையில் வந்ததொரு சிரிப்புப் படத்திற்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் அவர்களுக்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மூன்று திங்கள் சிறைத்தண்டனை விதித்தது. எங்கும் எழுந்த கண்டனத்தின் பயனாகச் சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். ஒரு சிறு படத்தின் பின்னே நிற்கும் பொறுப்பு எத்தகையது என்பதற்கு இவை போதும்.

இக்காலத்தில் கணினிப் பலகையில் மின்கோல் கொண்டு வரையும் முறை பரவியிருப்பதை யாவரும் அறிவர். தாளும் மையும் செலவாகா. பிழைபட்ட கோடு ஒரு தொடுகையில் நீங்கும். வரைந்த கணமே பத்திரிகைக்கு அனுப்பலாம். நாள்தோறும் காலக்கெடுவுக்குள் வரைவோர்க்கு இவை பெரும் நன்மைகளே. எனினும் எத்தனை முறையும் அழிக்கலாம் என்னும் வசதி, எந்தக் கோட்டையும் துணிந்து இடாத வழக்கத்தைப் பயில்வோர் கைக்குக் கற்பித்துவிடக் கூடும். தாளில் மையிட்டுப் பழகிய கை கோட்டை இடுமுன்னரே அதன் தொடக்கமும் முடிவும் அறிந்திருக்கும். அக்கை பின்னர் எந்தப் பலகையை ஏந்தினாலும் தடுமாறாது.

ஆகவே, வரையப் புகும் நண்பர் முதலில் வாங்கத்தக்கவை ஓர் எச்.பி. பென்சில், ஒரு மெல்லிய ரப்பர், ஒரு நிப்புப் பிடி, வளைவதொன்றும் வளையாததொன்றுமாக இரு நிப்புக்கள், ஒரு புட்டி கறுப்பு மை, பத்துப் பன்னிரண்டு நல்ல தாள்கள் ஆகியவையே. தூரிகையை ஆறு திங்கள் கழித்து வாங்கலாம். கணினிப் பலகையை அதற்கும் பின்னர் எண்ணலாம். கருவி குறைவென்று காத்திருத்தல் வேண்டா. நம் கல்லூரி உணவுக்கூடத்தின் நீண்ட வரிசையும், தேர்வுக்கு முந்திய இரவின் விடுதி விளக்குகளும், ஆண்டுதோறும் கூட்டப்பெறும் கழகங்களின் நீண்ட தீர்மானங்களும் வரைவோர் கைக்காகக் காத்துநிற்கின்றன. அடுத்த ஆண்டு மலரில் அவற்றுள் ஒன்றேனும் நம் மாணவர் கைக்கோட்டில் வெளிவருமாயின், அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.